.44 மேக்னத்தோடு மான் வேட்டைக்குப் புறப்படுகிறவருக்கு

கேட்டவர் பழைய ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வர் ஒன்றை வாங்கியிருக்கிறார். .44 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடுவது, ஏழரை அங்குலக் குழல். இந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் காட்டில் வெண்வால் மான் வேட்டைக்கு ரைஃபிளை வீட்டிலேயே விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துப்போக எண்ணம். தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்ளப் போகிறாராம். கேள்விகள் நான்கு: எவ்வளவு பலமாக நிரப்பலாம், தொலைநோக்கி பொருத்தலாமா, எந்த உறை வாங்குவது, இதை விற்றுவிட்டு இன்னும் பலமான தோட்டாவைச் சுடும் .454 கசுல் வாங்கிவிட்டால் என்ன.

முதல் கேள்வியிலேயே எனக்கு ஒரு முனகல் உண்டு. "எவ்வளவு பலமாக" என்று தொடங்கிய பலரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பருவம் கழித்து அவர்களுடைய ரிவால்வர் அலமாரியில் தூங்கும், அவர்கள் ரைஃபிளோடு காட்டில் இருப்பார்கள். காரணம் எளிது. 250 கிரெய்ன் (ஏறக்குறைய 16 கிராம்) எடையுள்ள .44 குண்டு நொடிக்கு 1,200 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 800 அடி-பவுண்டு. சாதாரண .30-06 ரைஃபிள் 150 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,900 அடியில் அனுப்பினால் 2,800 அடி-பவுண்டு. நீங்கள் எவ்வளவு முக்கினாலும் ரிவால்வர் ரைஃபிளாகாது. முக்கியதன் பலன் முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வந்து சேரும்.

ரிவால்வர் குண்டு வேலை செய்யும் விதமே வேறு. ரைஃபிள் குண்டின் வேகம், தான் தொடாத தசையையும் உதறிக் கிழிக்கிறது. ரிவால்வர் குண்டு தான் தொட்ட இடத்தை நசுக்கி ஒரு துளை போடும், அவ்வளவுதான். ஆகவே துளை அகலமாக இருக்க வேண்டும், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். அகலத்துக்குத் தட்டையான மூக்கு, ஊடுருவலுக்கு எடை. வேகம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

இதை முதலில் ஊருக்கு உரக்கச் சொன்னவர் எல்மர் கீத். 1899 முதல் 1984 வரை வாழ்ந்தவர். ஐடஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர். பெரிய தொப்பியும் அதைவிடப் பெரிய அபிப்பிராயங்களும் உடையவர். பழைய .45 கோல்ட் துப்பாக்கிகளின் சிலிண்டர் சுவர் மெல்லியது, அதில் கூடுதல் வெடிமருந்தைத் திணித்தால் பிளந்துவிடும் என்பதைப் பட்டறிந்துகொண்டு, சுவர் தடித்த, மேக்னத்துக்கு முன்னோடியான .44 ஸ்பெஷலுக்கு மாறினார். தட்டை மூக்கும் கூர்மையான தோள்பட்டையும் கொண்ட ஒரு வார்ப்பு ஈயக் குண்டை வடிவமைத்தார். அதே குண்டு இன்றும் வார்க்கப்படுகிறது. அவர் பல ஆண்டுகள் நச்சரித்ததன் பலனாக ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் சேர்ந்து 1955 கடைசியில் .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. கவனிக்க வேண்டிய செய்தி இது: கீத் கேட்டது 250 கிரெய்ன் குண்டுக்கு நொடிக்கு 1,200 அடி வேகம். கம்பெனிகள் அதையும் தாண்டிப் போய்விட்டன. அந்த மனிதரே கேட்காத வேகத்தை நாம் எதற்குத் துரத்த வேண்டும்?

மானுக்கு என் பரிந்துரை: 240 முதல் 260 கிரெய்ன் எடையில் தட்டை மூக்குக் குண்டு, நொடிக்கு 1,000 முதல் 1,150 அடி வேகம். பக்கவாட்டில் நிற்கும் மானின் விலா வழியே அது உள்ளே போய் மறுபுறம் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் போகும் வேகம் மானைத் தாண்டி மரத்துக்குப் போகிற வேகம். 1,000 அடியிலிருந்து 1,300 அடிக்கு ஏற்றினால் பின்னுதைப்பின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தூரத்தில் கிடைக்கும் லாபமோ 100 கெஜத்தில் மூன்று நான்கு அங்குலம். அந்த 100 கெஜத்துக்கே நீங்கள் இன்னும் போகவில்லை என்பது வேறு கதை.

எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் என்று நான் எழுதப்போவதில்லை. யார் எழுதிக்கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மருந்துக் கம்பெனிகளும் குண்டுக் கம்பெனிகளும் சோதனைக் குழலில் அழுத்தம் அளந்து அளவு நூல்கள் வெளியிடுகின்றன. அவற்றில் இரண்டையாவது ஒப்பிட்டுப் பார்த்து, தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு ஒவ்வொரு தோட்டாவுக்கும் அழுத்த வரம்பு வகுத்திருக்கிறது: .45 கோல்ட்டுக்குச் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு, .44 மேக்னத்துக்கு 36,000, .454 கசுலுக்கு 65,000. அந்த அமைப்பின் பெயரைச் சுருக்கிப் படித்தால் நம் வாயில் 'சாமி' என்றே வருகிறது. வரம்பை மீறினால் இந்தச் சாமி உண்மையாகவே கண்ணைக் குத்தும்.

மருந்து வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, பெரும்பாலோர் செய்வதில்லை. துப்பாக்கியை அளங்கள். .44 என்பது பெயரளவில்தான். குண்டின் உண்மையான விட்டம் 0.429 அல்லது 0.430 அங்குலம். ரிவால்வரில் குண்டு இரண்டு வாசல்களைக் கடக்கிறது: முதலில் சிலிண்டர் அறையின் முன்வாய், பிறகு குழல். முன்வாய், குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களின் விட்டத்தைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் குண்டு அங்கேயே இளைத்துப்போய், குழலுக்குள் தளர்வாக நுழையும். அதன் ஓரமாகச் சூடான வாயு கசிந்து ஈயத்தை உருக்கி, குழலின் சுவரில் பூசிவிடும். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். காலி சிலிண்டரைக் கழற்றி, நீங்கள் பயன்படுத்தப்போகும் குண்டை ஒவ்வொரு முன்வாயிலும் வைத்துப் பாருங்கள். விரலால் லேசாக அழுத்தினால் வழுக்கிப் போக வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சிறிது; சுத்தியல் கேட்டால் வாய் சிறிது. ஆறு அறைகளும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஐந்து ஒழுங்காக இருந்து ஆறாவது மட்டும் முரண்டு பிடித்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அறைகளுக்கு எண் போட்டுச் சுட்ட அன்றுதான் விஷயம் புரிந்தது.

குழலில் ஈயம் ஒட்டினால் "இன்னும் கெட்டியான குண்டு வாங்கு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது தவறான வைத்தியம். நோய் விட்டத்தில் இருக்கிறது. சற்று மென்மையான கலவையில், சரியான விட்டத்தில் வார்த்த குண்டு, அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். கல் போன்ற குண்டு விரியாது. இன்னொன்று: கலிபோர்னியாவில் வேட்டைக்குப் போவதானால் ஈயமே கூடாது. 2019 ஜூலை 1 முதல் அங்கே எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டுதான் சட்டம். சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்னும் காண்டர் கழுகுகளுக்கு ஈயம் நஞ்சாவதில் தொடங்கியது அந்தச் சட்டம். அப்படியானால் செப்புக் குண்டுக்கான தனி அளவுகளைப் பாருங்கள். ஈயக் குண்டின் அளவை அப்படியே மாற்றிப் போடக் கூடாது.

இனி மேசைக்கு வருவோம். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத் தேவை. .44 தோட்டாவின் உலோகக் கூடு நேர்ச்சுவர் கொண்டது என்பதால் கற்றுக்கொள்ள எளிது. கார்பைடு அச்சு வாங்கினால் கூட்டுக்கு எண்ணெய் பூசும் வேலையும் மிச்சம். முதல் அச்சு, சுட்ட கூட்டைச் சுருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எரிந்த பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, வெளியே தள்ளும். இரண்டாவது அச்சு வாயைச் சற்று விரிக்கும். புதுப் பிரைமரும் மருந்தும் போட்டபின் மூன்றாவது அச்சு குண்டை உட்காரவைத்து வாயை மடிக்கும். இதில் பிரைமர் பற்றி ஒரு சொல்: கூட்டின் அடிமட்டத்துக்கு இம்மியளவு உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் சிலிண்டர் சுழலும்போது உரசி நின்றுவிடும்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துக் குப்பிதான் இருக்கலாம். இரண்டாவது குப்பி அறையிலேயே இருக்கக் கூடாது என்று சொல்பவன் நான். வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சியது அதே குப்பிக்குத் திரும்ப வேண்டும். பேச்சுத்துணையும் தொலைக்காட்சியும் வேண்டாம். கண்ணாடி அணியுங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் வாயில் வைக்காதீர்கள்.

மிதமான அளவு பாதுகாப்பானது என்று நினைத்து அசட்டையாக இருப்பதுதான் மிகப்பெரிய பொறி. முழுப் பலத் தோட்டாக்களில் மெதுவாக எரியும் மருந்து கூட்டை ஏறக்குறைய நிரப்பிவிடும். தவறி இரண்டு முறை போட்டால் வழிந்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மிதமான தோட்டாவுக்கு வேகமாக எரியும் மருந்து. அது கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரட்டை அளவும் உள்ளே அடங்கிவிடும், வெளியே தெரியாது. எனவே குண்டு வைக்கும் முன் ஐம்பது கூடுகளையும் தட்டில் நிறுத்தி, கைவிளக்கை அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். மட்டம் உயர்ந்தோ தாழ்ந்தோ ஒன்று இருந்தாலும் கண்ணில் படும். இன்னொரு பக்கம், முழுப் பலத்துக்கான எச்110 போன்ற மருந்தைக் குறைத்துப் போட்டு மிதமாக்கவும் முடியாது. தயாரிப்பாளரே 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று எச்சரித்த மருந்து அது. குறைத்தால் ஒழுங்காகப் பற்றாமல், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அப்போது பெரிய ஓசைக்குப் பதில் 'பட்' என்று ஓர் அசட்டுச் சத்தம் கேட்கும். கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடைத்த குழலில் அடுத்த குண்டைச் சுட்டால் துப்பாக்கி போய்விடும். உங்கள் விரல்களையும் அதோடு கொண்டுபோகலாம்.

வாய் மடிப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் கிரிம்ப் என்பார்கள். ரைஃபிள்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரிவால்வரில் அதுதான் உயிர். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் துள்ளுகிறது. மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் போகிறது. கனமான குண்டு தன் சடத்துவத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் பிடி தளர்வாக இருந்தால், ஒவ்வொரு வேட்டுக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தலை நீட்டும்.

என் முதல் கனத்த தோட்டாக்களை நிரப்பிய வாரம் நடந்தது இது. மைதானத்தில் மூன்று வேட்டு அழகாகப் போயின. நான்காவதற்குச் சுத்தியலை இழுத்தேன், பாதியில் நின்றுவிட்டது. வலுவாக இழுத்தேன், அசையவில்லை. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், சிலிண்டரின் முகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குண்டு மூக்கை நீட்டிக் குழலின் அடியில் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மரக்குச்சியால் அதை உள்ளே தள்ளிச் சிலிண்டரை விடுவிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால், விரிக்கும் அச்சு கூட்டின் உட்புறத்தை வேண்டிய அளவுக்கு மேல் விரித்திருந்தது. மடிப்பை மட்டும் நம்பியிருந்தேன். குண்டைப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு கூட்டுச் சுவரின் இறுக்கத்துக்குத்தான். மடிப்பு அதற்கு மேல் ஒரு பூட்டு.

அன்றிலிருந்து ஒரு சோதனையைத் தவறவிடுவதில்லை. ஆறு தோட்டா போடுங்கள். ஆறாவதன் நீளத்தை முன்னதாக வெர்னியர் காலிப்பரில் அளந்து எழுதிவையுங்கள். ஐந்தைச் சுட்டபின் ஆறாவதை எடுத்து மறுபடி அளங்கள். நீளம் மாறவில்லையென்றால் அந்தத் தோட்டா காட்டுக்குத் தகுதியானது. ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் நீண்டிருந்தாலும் வேட்டைக்கு வேண்டாம். பிடியையும் மடிப்பையும் சரிசெய்துவிட்டு வாருங்கள். அழுத்தம் கூடிவிட்டதா என்பதற்குப் பிரைமர் தட்டையானதைப் பார்த்து முடிவுசெய்வது ரிவால்வரில் ஏமாற்று வேலை. நம்பத்தக்க அறிகுறி, சுட்ட கூடு அறையிலிருந்து இலகுவாக வர மறுப்பது. தடியால் தட்ட வேண்டியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

அளவு மாறினால் குறியும் மாறும், அதுவும் நீங்கள் எதிர்பாராத திசையில். குண்டு குழலில் இருக்கும்போதே துப்பாக்கி மேல்நோக்கி எழத் தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால், குழல் அதிகம் எழுந்தபின் வெளியேறுகிறது. ஆகவே 25 கெஜத்தில் கனமான குண்டு மேலே படும், இலேசான வேகக் குண்டு கீழே படும். இதே காரணத்தால்தான் பிடியின் இறுக்கம் மாறினாலும் குறி மாறுகிறது. மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சரிசெய்த குறி, நின்றுகொண்டு கைகளால் பிடித்துச் சுடும்போது அப்படியே இருக்காது. கடைசிச் சரிபார்ப்பு வேட்டையில் சுடப்போகும் நிலையிலேயே இருக்கட்டும். குழலை மரக்கிளை மேல் நேரடியாகச் சாய்க்காதீர்கள். கடினமான பொருளில் சாய்த்தால் துள்ளல் மாறிக் குறி தவறும். நடுவில் உங்கள் கை இருக்க வேண்டும்.

தொலைநோக்கி வைக்கலாமா? கண்ணைப் பொறுத்தது. முப்பது வயதுக் கண்ணுக்குத் துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியே 50 கெஜம் வரை போதும். வெண்வால் மான் நடமாடுவது விடியலின் அரை இருட்டில். பெரும்பாலான மாநிலங்களில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னிருந்தே சுடலாம். அந்த வெளிச்சத்தில் பழுப்பு மானின் மேல், குழல் முனையில் குறிபார்க்க வைத்த கறுப்பு முன்முள் காணாமல் போய்விடும். முன்முள்ளுக்குச் சிவப்போ வெள்ளையோ பூசுங்கள். வயது ஏறி முன்முள் மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு என் ஓட்டு சிவப்புப் புள்ளிக் குறிக்கு. சிறியது, கண்ணை எந்தத் தூரத்தில் வைத்தாலும் வேலை செய்கிறது, உறைக்குள்ளும் அடங்குகிறது. தொலைநோக்கிதான் வேண்டுமென்றால் கைத்துப்பாக்கிக்கென்றே செய்த, கை நீட்டிய தூரத்தில் கண் பொருந்தும் இரண்டு மடங்குக் கண்ணாடி. நான்கு மடங்குக்குப் போனால் மானைவிட உங்கள் கை நடுக்கம் நன்றாகத் தெரியும். .44இன் உதைப்பு திருகுகளைத் தளர்த்திவிடும். நீலநிறத் திருகுப் பசை போட்டு இறுக்குங்கள், இரண்டு வளையத்துக்குப் பதில் மூன்று போடுங்கள். உங்களுடையது சாதாரண சூப்பர் பிளாக்ஹாக் என்றால் தாங்கி பொருத்தத் துளையிட வேண்டியிருக்கலாம். அதே துப்பாக்கியின் ஹண்டர் மாதிரியில் குழலின் மேல்விலாவிலேயே வளையத்துக்குப் பள்ளம் வெட்டியிருப்பார்கள்.

பழைய துப்பாக்கி என்றீர்கள். எவ்வளவு பழையது என்று பாருங்கள். துப்பாக்கியின் உடற்சட்டகத்தின் பக்கத்தில் மூன்று திருகு இருந்தால் அது 1973க்கு முந்தையது. அவற்றில் சுத்தியல் தோட்டாவின் மேல் நேரடியாக உட்காரும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்தியலைக் காலி அறையின் மேல் இறக்கிவைப்பது அந்தக் காலத்து வழக்கம், இன்றும் அதுதான் சரி. கம்பெனி இலவசமாகப் பாதுகாப்பு மாற்றம் செய்துதருகிறது. 1973க்குப் பிந்தைய மாதிரிகளில், விசையை அழுத்தினால் மட்டுமே சுத்தியலின் அடியைக் கடத்தும் இடைத்தண்டு இருப்பதால் ஆறும் போடலாம்.

பிடியைப் பற்றிச் சுருக்கமாக: பழைய கோல்ட் பாணி வளைந்த பிடி கையில் உருண்டு உதைப்பை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சூப்பர் பிளாக்ஹாக்கின் சதுர விசைக்காப்பு நடுவிரல் முட்டியில் இடித்துத் தோலை உரிக்கும். பிஸ்லி என்ற நிமிர்ந்த வடிவப் பிடி பலருக்கு நல்ல மாற்று. ரப்பர் பிடி மேசையில் சுகம், உறையிலிருந்து எடுக்கும்போது சட்டையைப் பிடித்துக்கொள்ளும். விசையை மூன்று பவுண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். குளிரில் மரத்த விரலுக்கு மயிரிழை விசை ஆபத்து.

உறைக்கு நான் சொல்வது மார்புறை. ஏழரை அங்குலக் குழல் இடுப்பில் தொங்கினால் உட்காரும்போது தரையில் குத்தும், முதுகுப்பையின் வார் அதன் மேல் ஏறும். மார்பில் குறுக்காகத் தொங்கினால் கோட்டுக்கு மேல் இருக்கும், மழையில் ஒரு மடிப்பால் மூடிக்கொள்ளலாம், குனிந்தாலும் விழாது. விசையை முழுக்க மூடும் உறையாக, சுத்தியலை இழுத்துப் பிடிக்கும் வாரோடு வாங்குங்கள். தொலைநோக்கி பொருத்தப்போவதானால் உறையை அதற்குப் பின்பு வாங்குங்கள். தலைகீழாகச் செய்து இரண்டு உறைக்குப் பணம் கொடுத்தவன் சொல்கிறேன். மரப்பரண் மேல் ஏறும்போது துப்பாக்கி உடம்பில் இருக்கக் கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, கீழே கயிற்றில் கட்டி, மேலே போனபின் இழுத்துக்கொள்ளுங்கள்.

ரிவால்வர் புதியவர்களுக்குச் சொல்லாத ஒரு ரகசியம் வைத்திருக்கிறது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே தாள் அளவு இடைவெளி. சுடும்போது அதன் இரு பக்கமும் கத்தி போல வாயு பீறிடும். ரைஃபிளைப் பிடிப்பது போல இடக்கையை முன்னால் நீட்டி அந்த இடத்தில் வைத்தால் விரல் பிளக்கும். உட்கார்ந்து முழங்காலில் சாய்த்துச் சுடும்போது இன்னும் கவனம். மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி, மணிக்கட்டுகளை அவற்றின் மேல் வைப்பது அருமையான நிலை. சிலிண்டரின் முகம் முழங்காலைத் தாண்டி முன்னால் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். என் பழைய கால்சட்டை ஒன்றில் வலது முழங்காலுக்கு மேலே கருகிய ஓரத்தோடு இரண்டு அங்குலக் கிழிசல் இருக்கிறது. அதை வேண்டுமென்றே தைக்காமல் வைத்திருக்கிறேன்.

காது. .44 மேக்னத்தின் ஓசை 160 டெசிபலை ஒட்டி இருக்கிறது. ஒரே ஒரு வேட்டு, காப்பில்லாமல், வாழ்நாள் முழுதும் ரீங்காரம் தரலாம். "காட்டில் ஒரு வேட்டுதானே" என்பவர்களிடம் இரண்டு முறை கத்திப் பேச வேண்டியிருக்கிறது. மின்னணுக் காதுமூடி வாங்குங்கள். சருகு நசுங்கும் சத்தத்தைப் பெருக்கித் தரும், வேட்டைத் தடுக்கும். குழல் முனையில் துளையிட்டு உதைப்பைக் குறைக்கும் ஏற்பாடு எதுவும் வேண்டாம். உதைப்பு குறையும், ஓசை பக்கவாட்டில் நின்றவரின் காதுக்குப் போகும்.

பயிற்சிக்கு ஒரு .22 ரிவால்வர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மிகமிக இலேசான .44 தோட்டாக்கள். ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் கனத்த தோட்டா சுடாதீர்கள். அதற்கு மேல் நீங்கள் பயிற்சி செய்வது கண் சிமிட்டுவதைத்தான். வெடிக்கும் முன்பே கை குனிகிறதா என்று தெரிய, நண்பரிடம் கொடுத்துச் சில அறைகளில் சுட்ட கூட்டைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எது வெடிக்கும் என்று தெரியாமல் விசையை அழுத்துங்கள். காலிக் கூட்டின் மேல் சுத்தியல் விழும்போது குழல் முனை கும்பிடு போட்டால் நோய் அங்கே இருக்கிறது. எனக்குப் பல ஆண்டு கழித்தும் பருவத் தொடக்கத்தில் அந்தக் கும்பிடு வரும்.

உங்கள் வேட்டைத் தூரத்தை ஒரு காகிதத் தட்டு முடிவுசெய்யும். ஒரு சாண் அகலத் தட்டு, மானின் நெஞ்சுக்கூட்டுக்கு ஈடு. காட்டில் சுடும் நிலையில், படியேறி மூச்சு வாங்கியபின், ஐந்து தோட்டா. ஐந்தும் தட்டில் பட வேண்டும். நான்கு போதாது. அப்படிப் படும் மிக நீண்ட தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு முதல் வருடம் 35 கெஜம், அதில் வெட்கமில்லை. 50 கெஜத்துக்குக் குறி வைத்த மிதமான தோட்டா 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும் என்பதால், அந்தத் தூரத்தில் ஊகித்துச் சுடும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

போன பருவத்தில் ஒரு கொம்பன் மான் 60 கெஜத்தில் முகத்தை என் பக்கம் திருப்பி நின்றது. சுத்தியல் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. தலையும் கழுத்தும் தவிர எதுவும் தெரியவில்லை. ரைஃபிளாக இருந்தால் யோசித்திருப்பேன். அது மூக்கைத் தூக்கி ஒரு முறை உறுமிவிட்டு, வெள்ளை வாலைக் காட்டிக்கொண்டு போயிற்று. பக்கவாட்டிலோ, சற்று அப்புறம் திரும்பியோ நிற்கும் மானுக்கு மட்டும் சுடுங்கள். முன்னங்காலின் பின்மடிப்பை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். நுரையீரலில் அடிபட்ட மான் உடனே விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐம்பது நூறு கெஜம் ஓடும். நின்ற இடத்தை ஒரு மரத்தை வைத்து அடையாளம் கொண்டு, அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டு, இரத்தத் தடத்தைப் பின்தொடருங்கள். இரண்டு பக்கமும் துளை இருந்தால் தடம் தெளிவாக இருக்கும். கனமான தட்டை மூக்குக் குண்டை நான் வலியுறுத்துவதன் பயன் அங்கேதான் தெரியும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் குழலின் குறைந்தபட்ச நீளம், சில இடங்களில் குண்டின் விட்டம், சில இடங்களில் கூட்டின் வடிவம் வரைக்கும் விதி உண்டு. ஆரஞ்சு உடை எத்தனை சதுர அங்குலம் என்பதற்கும் விதி உண்டு. அந்த ஆண்டின் வனத்துறைக் கையேட்டைப் படியுங்கள். போன ஆண்டினதை அல்ல.

கடைசிக் கேள்வி, .454. டிக் கசுலும் ஜாக் ஃபுல்மரும் 1957இல் உருவாக்கிய தோட்டா அது. வயோமிங்கில் பிரீடம் ஆர்ம்ஸ் கம்பெனி 1983இல் அதற்கென்று ஒரு ஐந்தறைத் துப்பாக்கியை விற்கத் தொடங்கியது. செய்நேர்த்தியில் அதற்கு ஈடு குறைவு. 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இன்னும் ஒரு படி மேல். பெரிய கரடியும் எல்க் என்ற பெரிய மானும் இருக்கும் காட்டில் இவற்றுக்கு வேலை உண்டு. மானுக்காக வாங்கியவர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? .454 துப்பாக்கியில் .45 கோல்ட் தோட்டா போட்டு, 250 கிரெய்ன் குண்டை 1,000 அடி வேகத்தில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேகமும் அந்த எடையும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. சூப்பர் பிளாக்ஹாக்கை விற்காதீர்கள். .454க்குக் கொடுக்கவிருந்த பணத்தில் பிரைமர் வாங்குங்கள்.